போஞ்சிப் பாத்தியில் ஏழு விரல் இலை

ஊசிமலைத் தோட்டத்து ஆபிஸில் அன்று காலை இருந்தவர்களும் அவர்கள் இருந்த இடங்களும் பின்வருமாறு: மேசைக்குப் பின்னால், சுழலும் நாற்காலியில் தோட்டத்து நிர்வாகியான துரை. அவருக்கு வலப்பக்கம், கைப்பிடி வைத்த நாற்காலியில், வேலைக்காட்டை மேற்பார்க்கும் கண்டாக்கு அழகுமுத்து. ஜன்னலுக்குக் கீழே, ஒரு கால் குட்டையான ஸ்டூலில், நோர்வூட் டவுனில் கடிதம் எழுதிக் கொடுப்பவரும் ‘சோலை துப்பறியும் நிலைய’த்தின் உரிமையாளருமான சோலைமலை. வாசற்படியில், பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக, அவருடைய உதவியாளரும் ஓட்டோ சாரதியுமான சர்மிளா. மேசை மேல், பழைய பத்திரிகைத் தாளில், வேரோடு பிடுங்கிய ஒரு செடி. அதற்கு எதிரே நாகலெட்சுமி. அவளுக்கு இருக்கை இல்லை. தேயிலைக் கொழுந்து எடுக்கிறவர்களுக்கு ஆபிஸில் நாற்காலி போடுகிற வழக்கம் ஊசிமலைக்கு இன்னும் வந்து சேரவில்லை.

யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்று முதலில் குறித்துக்கொண்டால் பாதி வழக்கு முடிந்த மாதிரி என்பது சோலைமலையின் கொள்கை. இதுவரை அவர் எடுத்த வழக்குகள் எல்லாவற்றிலும் அந்தப் பாதி ஒழுங்காக முடிந்திருந்தது. மற்றப் பாதிதான் நிலுவையில் நின்றது.

“மிஸ்டர் சோலைமலை, இது என்ன செடின்னு தெரியுதா?” என்றார் துரை.

“தெரியுது சேர். கஞ்சா.”

“இந்தப் பொம்பளையோட போஞ்சிப் பாத்தியில நின்னது. இன்னும் கொஞ்சம் அங்கேயே நிக்குது.”

“நானே கண்ணால பாத்தேன் சேர்” என்றார் கண்டாக்கு. “குச்சி ஊனி, நார் கட்டி வளத்திருக்கு. தானா மொளச்ச செடிக்கு யாராச்சும் குச்சி ஊனுவாங்களா?”

நாகலெட்சுமி முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டு, “போஞ்சிக்கு ஊனுனேங்க. பக்கத்துல இது சாஞ்சுகிட்டு நின்னுச்சு, பாவமேன்னு இதுக்கும் ஊனுனேன். செண்டுப்பூன்னு நெனச்சேங்க. திருவிழாவுக்கு ஆகுமேன்னு” என்றாள்.

துரை ஒரு உறையை விரலால் தட்டினார். பொலிசுக்கு எழுதிய புகார் அதற்குள் இருந்தது. சாயங்காலம் தோட்டத்துத் தபால் பையில் நோர்வூட்டுக்கு இறங்கும். பொலிஸ் வந்தால் அட்டன் கோட்டில் வழக்கு, பிறகு விளக்கமறியல் சிறை. வேலைக்கு வராத ஆளுடைய பேர் செக்ரோல் என்கிற பேர்ப்பதிவில் வெட்டுப்படும். பேர் வெட்டினால் வேலை போகும், போஞ்சிப் பாத்தி போகும், குடியிருக்கிற லயத்துக் காம்பராவும் ஒருநாள் போகும். நாகலெட்சுமியின் புருஷன் இறந்துவிட்டார். அவள் சம்பளத்தில் ஒரு மகள் அட்டனில் படித்துக்கொண்டிருந்தாள்.

“எனக்கு இவங்க மேல கோபம் இல்ல” என்றார் துரை. “ஆனா தெரிஞ்சும் பேசாம இருந்தா நாளைக்கு என்னையும் சேத்துக் கேப்பாங்க. நீங்க ஏதோ சொல்லணும்னீங்களே, சொல்லுங்க.”

சோலைமலை எழுந்தார். ஸ்டூல் ஒரு பக்கம் சாய்ந்து விழுந்தது. முந்தின நாள் நாகலெட்சுமியின் சேதி கேட்டதிலிருந்து கைப்பேசியில் படித்து, வரிசைப்படுத்தி, இலக்கமிட்டு மனப்பாடம் செய்து வந்திருந்தார்.

“சேர், இந்தச் செடியை நாம ஒரே கண்ணால பாக்கக் கூடாது. முதலாவது, மனுஷன் நாருக்காக வளத்த ரொம்பப் பழைய செடிகள்ல இதுவும் ஒண்ணு. ரெண்டாவது, சீனாக்காரங்க ஆதியில காகிதம் செஞ்சதுல இந்த நாரும் இருந்திச்சு. மூணாவது, வெள்ளைக்காரன் கப்பல்ல வந்தானே, அந்தக் கப்பலோட பாய், வடம் எல்லாம் இந்தச் செடிதான். இது இல்லேன்னா அவன் இங்க வந்திருக்க மாட்டான், தேயிலை வந்திருக்காது, நாமளும் இந்த ரூமுல இப்பிடி உக்காந்திருக்க மாட்டோம். நாலாவது, வைத்தியர்மார் சுத்தி பண்ணி லேகியத்துல சேக்குறாங்க. அஞ்சாவது, பைப் பூட்டுறவங்க மரையில நார் சுத்துறாங்களே, ஒழுகாம இருக்க, அதுலயும் இந்த நார் உண்டு. ஆறாவது...”

ஆறாவது வரவில்லை. சோலைமலை கூரையைப் பார்த்தார், செடியைப் பார்த்தார், கண்டாக்கின் சப்பாத்தைப் பார்த்தார். எங்கோ படித்திருந்தார். விதையைப் பற்றி ஏதோ ஒன்று. தொண்டை வரைக்கும் வந்து நின்றது.

“ஆறாவது பிறகு சொல்றேன் சேர்.”

துரை நாற்காலியில் சாய்ந்துகொண்டார். “அப்ப வடம் திரிக்கிறவன், வைத்தியர், பைப் பூட்டுறவன் எல்லாருக்கும் இது வேணும். இவங்களுக்கு வாங்குற ஆள் இத்தனை பேர் இருக்காங்கன்னு எனக்குத் தெரியாம போச்சு.”

கண்டாக்கு அழகுமுத்து மெதுவாகத் தலையாட்டினார். நாகலெட்சுமி, தனக்காகப் பேச வந்தவரைக் கலவரத்தோடு பார்த்தாள்.

“அண்ணே” என்று வாசற்படியிலிருந்து சர்மிளா சொன்னாள், “அந்த ஆறாவதையும் சொல்லிருங்க. ஆயுள் தண்டனையா வாங்கிக் குடுத்துட்டே போயிருவோம்.”

துரைக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்புத்தான் நாகலெட்சுமிக்குக் கொஞ்சம் நேரம் வாங்கிக் கொடுத்தது. “தபால் பை கட்டுற வரைக்கும் பாக்குறேன். அதுக்குள்ள செடி எப்பிடி வந்திச்சுன்னு காட்டுங்க. கதை வேணாம், ஆதாரம் வேணும்.”

*

லயத்துக்குப் பின்னால் சரிவில் இருந்தது பாத்தி. போஞ்சி என்கிற பீன்ஸ் கொடி பிரமாதமாகக் காய்த்திருந்தது. அந்தப் போஞ்சியின் ருசி சோலைமலைக்குத் தெரியும். கடிதம் எழுதுவதற்கு நாகலெட்சுமி எப்போதும் போஞ்சிதான் கொண்டுவருவாள். மகளின் பள்ளிக்கூடத்துக்கு, சேமலாப நிதிக்கு, தண்ணீர்ப் பைப்புக்கு என்று அவர் அவளுக்கு எழுதிய கடிதங்களின் உயரமும், அவர் தின்ற போஞ்சியின் உயரமும் ஏறக்குறையச் சமம்.

போஞ்சிக் கொடிகளுக்கு நடுவே ஏழு விரல் விரித்த இலைகளோடு செடிகள் நின்றன. சோலைமலை பூதக்கண்ணாடியை எடுத்தார். கடைக்காரர் ஒட்டிய விலைச் சீட்டு அதன் நடுவிலேயே இருந்ததால் ஓரத்தால்தான் பார்க்க முடியும். துப்பறிகிறவர் எப்போதும் சந்தேகத்தோடு சாய்ந்து பார்க்கிறார் என்று டவுனில் ஒரு பேச்சு இருந்தது. காரணம் அந்தச் சீட்டு.

“விக்கிறவ வழியோரத்துல வளப்பாளா? கண்டாக்கு காலைல ஆள் கணக்கெடுக்கப் பெரட்டுக்குப் போற பாதை இது” என்றாள் சர்மிளா.

“குறிச்சுக்கிட்டேன்.”

“இது என்ன புல்லு அண்ணே, கதிரு வச்சு நிக்குது? அந்தா பாருங்க, ஒரு சூரியகாந்திப் புள்ளையும் நிக்குது.”

சோலைமலை குனிந்து ஒரு கதிரைக் கண்ணாடியின் ஓரத்தால் பார்த்தார். பொன்னிறத்தில் பொடிப்பொடி மணிகள். “களை. வழக்குக்கு சம்பந்தமில்ல” என்றார். அவருடைய தொழில் வாழ்க்கையில் வழக்குக்குச் சம்பந்தமில்லை என்று அவர் ஒதுக்கிய பொருட்களை மட்டும் ஒரு இடத்தில் சேர்த்து வைத்திருந்தால், ஒரு வழக்காவது முழுசாக முடிந்திருக்கும். சர்மிளா அந்தக் கதிரைப் பறித்துக் காதோரம் செருகிக்கொண்டாள்.

“நாகலெட்சுமி, வேற எந்தப் பாத்தியிலயும் இது இல்ல. இந்தப் பாத்தியில மட்டும் நிக்குது. அப்ப எருவோட வந்திருக்கணும்” என்றார் சோலைமலை. இப்படி ஒரு வாக்கியம் தன் வாயிலிருந்து வந்ததில் அவருக்கே சந்தோஷம். “இதுக்கு என்ன எரு போட்டீங்க?”

நாகலெட்சுமி நிமிர்ந்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு அவருடைய செருப்பைப் பார்த்தாள்.

“ஒருத்தர் குடுத்ததுங்க.”

“யாரு?”

“நல்லவருங்க. அதைக் கேக்காதீங்க.”

“பேரைச் சொன்னா நீ தப்பிச்சுக்கலாம் அக்கா” என்றாள் சர்மிளா.

“தெரியும்டி.”

அவள் திரும்பிக்கொண்டு, சரிந்த போஞ்சிக் கொடியொன்றைக் குச்சியில் சுற்றிவிடத் தொடங்கினாள். சோலைமலை சர்மிளாவைத் தனியே அழைத்துப் போய்க் குரலைத் தாழ்த்தினார். “யாரையோ காப்பாத்துறா. அந்தச் செருப்புப் பார்வையைக் கவனிச்சியா? செருப்பைக் கழட்டுற எடத்தை நெனச்சுக்கிறா. கோயில். முனியாண்டி கோயில்.”

“அண்ணே, உங்க செருப்பு அறுந்திருக்கு. அதைத்தான் பாத்திருப்பா.”

“முனிக்குப் படையல்ல என்ன வைப்பாங்க? சுருட்டு, சாராயம், கஞ்சா. அது வெதையோட இருக்கும். படையல் குப்பையைக் கூட்டி அள்ளி எருவாக் குடுத்திருக்காரு பூசாரி. வழக்கு முடிஞ்சுது. வண்டியை எடு.”

*

முனியாண்டி கோயில் என்றால் தோட்டத்து எல்லையில் ஒரு பெரிய மரம், மரத்தடியில் மூன்று கல், கல்லுக்குப் பக்கத்தில் துருப்பிடித்த அரிவாள். பூசாரி மூக்கையா மரத்தடியில் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார். கூட வந்த நாகலெட்சுமி ஓட்டோவை விட்டு இறங்கவில்லை.

சோலைமலை தன் கண்டுபிடிப்பை, படியாகப் படியாக, பூசாரிக்கே விளக்கினார். மூக்கையா இடிப்பதை நிறுத்திவிட்டுக் கடைசி வரைக்கும் மரியாதையாகக் கேட்டார்.

“தம்பி, நீங்க எந்தத் தோட்டம்?”

“டயகமத் தோட்டங்க. அங்கதான் பொறந்தேன்.”

“லயத்துல பொறந்த ஆளா இதைக் கேக்குறீங்க? முனி எடத்துக் குப்பையை எவளாச்சும் வீட்டுப்பக்கம் கொண்டு போவாளா? குப்பை போனா அவரும் கூடவே போயிருவாரு. செருப்புல ஒட்டுன மண்ணையே இங்க தட்டிட்டுத்தானே இறங்குறாங்க.”

சோலைமலைக்குக் காது சூடானது. சின்ன வயதில் அதே காரணத்துக்காக அவருடைய அம்மா அவர் காலைக் கழுவிவிட்ட பிறகுதான் உள்ளே விடுவாள்.

“கஞ்சா வைக்கிறதும் எப்பவோ நின்னு போச்சு. பொலிஸ் கெடுபிடி. இப்ப சுருட்டும் சோடாவும்தான். அவரும் பழகிக்கிட்டாரு” என்ற மூக்கையா, வெற்றிலையை வாயில் அதக்கிக்கொண்டு கண்ணைச் சுருக்கினார். “ஆமா, போன மாசம் நீங்கதானே வந்து, ஒரு கேஸ் வரணும்னு சோடா ஒடச்சு வேண்டிக்கிட்டீங்க? வந்துருச்சுல்ல?”

சர்மிளா மரத்தைப் பார்த்துக் கும்பிட்டாள். “சாமி சத்தியவான்தான். கேக்குறவங்கதான் தெளிவாக் கேக்கணும்.”

*

நோர்வூட் டவுனில் இரும்புக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது சோலை துப்பறியும் நிலையம். மழை பிடித்துக்கொண்டது. ஆதாரம் கிடைக்காவிட்டால் ஒரு கருணை மனுவாவது எழுதி, நாகலெட்சுமியின் கையெழுத்தை வாங்கித் துரையிடம் கொடுப்பது என்று தீர்மானித்து மூவரும் படியேறினார்கள். துப்பு கைவிட்ட இடத்தில் கடிதம்தான் சோலைமலைக்குச் சோறு போட்டது.

அறையில் ஒரு மேசை, மூன்று நாற்காலி, ஜன்னலில் தொங்கும் கூண்டுக்குள் ஒரு மஞ்சள் கேனரிக் குருவி. ஓய்வுபெற்ற ஒரு ஆபிஸ் கிளாக்கர், ஒரு மனுவுக்குக் கூலியாக விட்டுப்போனது. பாடும் என்று சொல்லிக் கொடுத்தார். வந்த நாளிலிருந்து அது மூச்சு விடவில்லை. கோட்டுக்கு வந்த சாட்சி மாதிரி வாயையே திறக்கவில்லை என்று சர்மிளா அதற்குச் ‘சாட்சி’ என்று பேர் வைத்திருந்தாள். நாள் முழுக்கத் தின்பதும் உமியையும் தின்னாத மணியையும் கூண்டுக்கு வெளியே வீசுவதும்தான் அதன் வேலை. நிலையத்தில் வேளாவேளைக்குச் சாப்பிடுவதும் அது ஒன்றுதான்.

நாகலெட்சுமி நாற்காலியில் ஓரமாக உட்கார்ந்தாள். சோலைமலை தாளை எடுத்து, திகதி போட்டு, ‘கனம் துரை அவர்கட்கு’ என்று எழுதினார். சாட்சி ஒரு வாய் உமியை அந்தத் தாளில் துப்பியது. அவர் தாளை ஜன்னலுக்கு வெளியே உதறினார். உதறிய கை அப்படியே நின்றது.

ஜன்னலுக்குக் கீழே தகரப் பீலி ஓடியது. கூரைத் தண்ணீர் போகிற பீலி, பல வருஷத்து மண்ணும் பாசியும் அடைத்துக் கிடந்தது. கூண்டுக்கு நேர் கீழே, அந்த மண்ணில், பொன்னிறக் கதிர்கள் மழையில் தலை குனிந்திருந்தன. பக்கத்தில் ஒரு சூரியகாந்திப் புள்ளை. நடுவில், நோர்வூட் கடைத்தெருவுக்கே வணக்கம் சொல்கிறமாதிரி, ஏழு விரல் விரித்து ஒரு இலை.

சர்மிளா அவர் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். காதோரக் கதிரை எடுத்து, பீலியில் நின்ற கதிருக்குப் பக்கத்தில் பிடித்தாள். இரண்டும் ஒரே தாய்ப் பிள்ளைகள்.

“அண்ணே” என்றாள் மெதுவாக, “சந்தேக நபர் எங்கயும் ஓடல. ஆபிஸ்லயேதான் இருக்காரு.”

சோலைமலை தீனிப் பக்கெட்டை, குருவித்தீனி அடைத்த பொட்டலத்தை, எடுத்தார். அட்டன் இக்ராம் கடையில் வாங்கியது. ‘வெளிநாட்டுத் தீனி சேர். இதுல ஒரு வெதை கலந்திருக்கு, திண்டா ஊமைக் குருவியும் பாடும்’ என்று இக்ராம் சொல்லியிருந்தார். பக்கெட்டின் முதுகில் பொடி எழுத்தில் இருந்ததைச் சர்மிளா படித்தாள். “தினை. சூரியகாந்தி வெதை. ஹெம்ப் வெதை. அதுதானே அண்ணே இந்தச் செடிக்கு இங்கிலீஷ் பேரு?”

சோலைமலை உட்கார்ந்தார். “ஆறாவது” என்றார்.

“என்னது?”

“ஆறாவது உபயோகம். கூண்டுக் குருவி பாடுறதுக்கு இந்த வெதையைத் தீனியாப் போடுறது. மறந்து போச்சு.”

வழக்கமாக அந்த விதை முளைக்காமல் இருக்கச் சூடுகாட்டி அனுப்புவார்கள் என்றும் அவர் படித்திருந்தார். இந்தப் பக்கெட்டுக்கு அந்தச் சூடு போதவில்லை போலும். ஊரார் விண்ணப்பங்களை வரிவரியாகப் படிக்கிறவர், தன் கையால் தினமும் திறக்கிற பக்கெட்டின் முதுகைத் திருப்பிப் பார்க்கவில்லை.

மெல்ல, மிக மெல்ல, மற்றதும் ஞாபகத்துக்கு வந்தது. ஞாயிறு கடைக்கு வரும்போதெல்லாம் நாகலெட்சுமி மாடிக்கு வருவாள். ஒரு நாள், ‘அய்யா, கூண்டுக் குப்பைய நான் எடுத்துக்கிறேங்க, போஞ்சிக்கு நல்லது’ என்று கேட்டாள். அவர் எழுதிக்கொண்டே தலையாட்டினார். எழுதும்போது யார் எது கேட்டாலும் அவர் தலையாட்டுவார்.

“நாகலெட்சுமி, உனக்கு இது தெரியுமா?”

“நேத்துத்தாங்க தெரிஞ்சிச்சு. கண்டாக்கையா அந்தச் செடியத் தூக்கிக் காட்டுனப்போ, வேருல குருவிச் செறகு ஒட்டிக்கிட்டு இருந்திச்சு. மஞ்சச் செறகு.”

“அதை ஏன் துரைகிட்ட சொல்லல?”

“எப்பிடிங்க சொல்றது? எனக்கு எத்தனை கடுதாசி எழுதியிருக்கீங்க. அத்தனை பேரு முன்னுக்கு உங்க பேர இழுக்க எனக்கு வாய் வரலீங்க.” முந்தானை நுனியை முறுக்கிக்கொண்டே, “எப்படியும் நீங்களே கண்டுபிடிச்சிருவீங்கன்னு நெனச்சேன். துப்பறியிறவருதானே” என்றாள்.

அவள் அதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. அதுதான் சோலைமலைக்கு எரிந்தது. அந்தச் செருப்புப் பார்வைக்கு அவர் சொன்ன விளக்கத்தை நினைத்து இன்னும் எரிந்தது.

சர்மிளா ஜன்னலையும் தெருவையும் பார்த்தாள். “அண்ணே, ஒண்ணு சொல்லட்டா? கைய நீட்டுனா எட்டுது. பிடுங்கிப் போட்டுட்டு, ஏதோ பறவை எச்சத்துல வந்திச்சுன்னு எழுதுங்க. பறவைன்னு பொதுவா எழுதுனா பொய்யும் இல்ல.”

சோலைமலை கையை நீட்டினார். மழை விரலில் பட்டது. பீலிக்குக் கீழே அவருடைய பலகை தெரிந்தது: ‘சோலை துப்பறியும் நிலையம். ரகசியம் காக்கப்படும்.’ நாளைக்குப் பொலிஸ் இந்தப் படியேறினால், கீழே இரும்புக்கடை வாசலில் டவுனே கூடும். கஞ்சா வளர்த்த துப்பறிவாளர் என்று பஸ் கொந்தாத்தர்கூடக் கூப்பிடுவான். ஆனால் செடி இல்லாவிட்டால் ஆதாரம் இல்லை. கதை வேண்டாம் என்று துரை சொல்லியிருந்தார்.

அவர் கையை உள்ளே இழுத்துத் துரைக்குப் போன் போட்டார். எல்லாவற்றையும் சொன்னார். மறுமுனையில் ஏதோ சத்தம் கேட்டது. துரை சிரிக்கிறாரா இருமுகிறாரா என்று தெரியவில்லை.

“போன்ல சொல்றது காத்துல போயிரும், மிஸ்டர் சோலைமலை” என்றார் துரை கடைசியாக. “கையெழுத்துப் போட்டு அனுப்புங்க. பை கட்டுறதுக்கு முன்னுக்கு வந்தா என்னோட கடிதம் போகாது. உங்களோடது பொலிசுக்குப் போகும். சம்மதமா?”

“சம்மதம் சேர்.”

‘கனம் துரை அவர்கட்கு’ என்பதற்குக் கீழே அவர் எழுதினார். இந்தத் தடவை இலக்கம் தவறவில்லை.

‘1. மேற்படி செடிகள், கீழே கையொப்பமிடும் என்னுடைய குருவியின் தீனியிலிருந்து முளைத்தவை. 2. அத்தீனியை வாசித்துப் பாராமல் வாங்கியவன் நானே. 3. கூண்டுக் குப்பையை எடுத்துச் செல்லத் தலையசைத்தவனும் நானே. 4. திருமதி நாகலெட்சுமி அதை எருவாக இட்டதன்றி வேறேதும் அறியார். 5. அத்தாட்சியாக, எனது ஜன்னல் பீலியில் நிற்கும் செடியைப் பிடுங்காமல் விட்டிருக்கிறேன். பொலிசார் எந்நேரமும் வந்து பார்வையிடலாம். தீனிப் பக்கெட் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது.’

“பக்கெட்டையும் அனுப்பிட்டா சாட்சிக்கு என்னத்தப் போடுறது?” என்றாள் சர்மிளா.

“அரிசிக் குருணை. நான் என்ன திங்கிறேனோ அது.”

கையெழுத்துப் போட்டார். அதற்குக் கீழே பதவி எழுத வேண்டிய இடத்தில் பேனா நின்றது.

“சந்தேக நபர்னு போடுங்க அண்ணே. சுருக்கமா இருக்கும்.”

சோலைமலை யோசித்தார். செடி எங்கிருந்து வந்தது, எப்படி வந்தது, யார் காரணம் என்று எல்லாமே தெரிந்துவிட்டது. அவருடைய வாழ்க்கையிலேயே முதல் தடவையாக மற்றப் பாதியும் முடிந்திருந்தது. ‘துப்பறிவாளர்’ என்று, எழுத்துக்கு எழுத்து நிதானமாக எழுதினார்.

தாளை மடித்து உறையில் போட்டார். நாக்கால் நனைத்து ஒட்டினார். மழைக்காலத்துக் கோந்து பிடிக்கவில்லை. மேசையிலிருந்த பசையைத் தடவி, உள்ளங்கையால் அழுத்தி, ஓரங்களை நகத்தால் நீவிவிட்டார். நாகலெட்சுமி எழுந்து இரண்டு கையாலும் அதை வாங்கி, மழை படாமல் முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள்.

“அடுத்த ஞாயித்துக்கெழமையும் வருவேங்க” என்றாள். “குப்பை மட்டும் வேணாம்.”

சர்மிளா தீனிப் பக்கெட்டைக் கக்கத்தில் இடுக்கி, சாவியைச் சுழற்றிக்கொண்டு முன்னால் இறங்கினாள். கீழே ஓட்டோ இரண்டு தடவை இருமி, மூன்றாவதில் பிடித்து, கடிதத்தோடு ஊசிமலைப் பக்கம் திரும்பியது. வளைவு தாண்டும் வரைக்கும் சோலைமலை ஜன்னலில் நின்று பார்த்தார். சாட்சி அப்போதும் வாயைத் திறக்கவில்லை.